பக்கத்து வீட்டு உறைமோரும் அணு உலை கேமராவும்! உலகத்தோடு மல்லுக்கட்டிய ஹோமி பாபாவின் கதை

ஈ.சி.ஆர்-ல பாண்டிச்சேரிக்கு ஒரு ரைடு போயிருக்கீங்களா? மாமல்லபுரம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், சதுரங்கப்பட்டினம் கடற்கரைப் பக்கம் இருக்கிறது கல்பாக்கம் அணுமின் நிலையம். அப்படியே தெற்கே போய், கன்னியாகுமரியிலிருந்து திருச்செந்தூருக்குக் கடலோரமாகப் போனால் கூடங்குளம் அணுமின் நிலையம். ரெண்டுமே தமிழ்நாட்டில்தான் இருக்கு. ரெண்டையும் நடத்துவது ஒரே மத்திய அரசு நிறுவனம். ரெண்டுமே நம்ம வீட்டு ஃபேனுக்கும் போன் சார்ஜருக்கும் கரன்ட் கொடுக்குது.

ஆனா, ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. கூடங்குளத்தின் உலைகள் சர்வதேச அணுசக்தி முகமையின் கண்காணிப்பில் இருக்கின்றன. வியன்னாவிலிருந்து ஆய்வாளர்கள் வரலாம், எரிபொருளை எண்ணலாம், கணக்கு நோட்டைப் பார்க்கலாம். கல்பாக்கத்தில் உள்ள சென்னை அணுமின் நிலையத்தின் ரெண்டு உலைகளும் அந்தப் பட்டியலிலேயே இல்லை. அங்கே கணக்குப் பார்ப்பது நம்ம நாடு மட்டும்தான்.

ஒரே மாநிலம், ஒரே கடற்கரை, ஒரே அரசாங்கம். ஏன் ஒண்ணுக்கு மட்டும் வெளிநாட்டுக் காவல்? இந்தக் கேள்விக்கான பதில் 1966-ல் ஆல்ப்ஸ் மலைப் பனியில் இறந்துபோன ஒரு மனிதரின் வாழ்க்கையில் இருக்கு. அவர்தான் ஹோமி ஜஹாங்கீர் பாபா.

'ராக்கெட் பாய்ஸ்' வெப் சீரிஸ் பார்த்திருந்தா உங்களுக்கு அவரைத் தெரிஞ்சிருக்கும். ஜிம் சர்ப் நடித்த அந்த ஸ்டைலான விஞ்ஞானி! சீரிஸில் கற்பனையும் கலந்திருக்கும். நிஜ பாபாவின் கதை அதைவிடச் சிக்கலானது.

இன்ஜினீயர் ஆகச் சொன்ன அப்பா

1909, அக்டோபர் 30. பம்பாயில் ஒரு வசதியான பார்சி குடும்பத்தில் பிறந்தார் பாபா. அப்பா ஜஹாங்கீர் வழக்கறிஞர். அத்தை மெஹர்பாய், டாடா குடும்பத்தின் மருமகள். ஜாம்ஷெட்ஜி டாடாவின் மகன் தோராப்ஜி டாடாவின் மனைவி. வீட்டில் புத்தகங்கள், ஓவியங்கள், மேற்கத்திய இசைத்தட்டுகள் எல்லாம் நிறைந்திருந்தன. எந்நேரமும் தொழில், தேசம் பற்றிய பேச்சு ஓடும் வீடு.

அப்பாவின் பிளான் ரொம்ப சிம்பிள். பையன் கேம்பிரிட்ஜில் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் படிக்கணும், திரும்பி வந்து ஜாம்ஷெட்பூர் டாடா இரும்பாலையில் சேரணும். 1927-ல் கப்பல் ஏறினார் பாபா. போன இடத்தில் மனசு இயற்பியல் பக்கம் சாய்ந்தது. இன்ஜினீயரிங் தனக்கு ஒத்துவராது என்று அப்பாவுக்குக் கடிதம் எழுதினார். நம்மில் எத்தனை பேர் எழுத நினைத்து எழுதாமலே விட்ட கடிதம் அது!

அப்பாவும் டீல் பேசத் தெரிஞ்சவர்தான். முதலில் இன்ஜினீயரிங்கில் முதல் வகுப்பு வாங்கு, அப்புறம் நீ விரும்பியதைப் படிக்க நான் பணம் கட்டுகிறேன் என்றார். 1930-ல் முதல் வகுப்பு வாங்கிக் காட்டினார் பாபா. அடுத்து கணிதம், பிறகு கோட்பாட்டு இயற்பியல். எலெக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானும் மோதிச் சிதறுவது பற்றி அவர் போட்ட கணக்கு, இன்றைக்கும் 'பாபா சிதறல்' என்ற பெயரில் பாடப்புத்தகங்களில் இருக்கு.

இந்த அப்பா–மகன் கதையை மறந்துடாதீங்க. நிபந்தனை போட்டால் முகத்தைத் தூக்கி வெச்சுக்காம, பேரம் பேசி, அதே சமயம் தான் போக நினைத்த இடத்துக்கே போய்ச் சேர்வது. பாபா வாழ்நாள் முழுக்கச் செய்தது இதைத்தான்.

லீவுக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை

1939-ல் விடுமுறைக்காக இந்தியா வந்திருந்தார். அந்த நேரம் பார்த்து ஐரோப்பாவில் இரண்டாம் உலகப்போர் வெடித்தது. திரும்பிப் போக முடியவில்லை. பெங்களூரில் இருந்த இந்திய அறிவியல் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே இயற்பியல் துறையை நடத்தியவர் நம்ம திருச்சியில் பிறந்த சர் சி.வி.ராமன். 1941-ல், 31 வயதிலேயே லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார் பாபா.

போர் முடிந்ததும் கேம்பிரிட்ஜுக்குத் திரும்பியிருக்கலாம். ஆனா, அவர் இங்கேயே இருக்க முடிவு செய்துவிட்டார். 1944 மார்ச்சில் தோராப்ஜி டாடா அறக்கட்டளைக்கு ஒரு கடிதம் எழுதினார். அடிப்படை ஆராய்ச்சிக்கு ஒரு நிறுவனம் வேணும். நாளைக்கு அணுசக்தியில் மின்சாரம் எடுக்கும் காலம் வரும்போது நிபுணர்களுக்காக இந்தியா வெளிநாட்டு வாசலில் போய் நிற்கக் கூடாது என்பது அதன் சாரம். தேதியைக் கவனிங்க. ஹிரோஷிமாவில் குண்டு விழ இன்னும் ஒன்றே கால் வருஷத்துக்கும் மேல் இருந்தது.

அந்தக் கடிதத்தில் பிறந்ததுதான் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம். சுதந்திரத்துக்குப் பிறகு, 1948-ல் அணுசக்தி ஆணையம் அமைந்தது, தலைவர் பாபா. 1954-ல் அணுசக்தித் துறை உருவானது, செயலாளரும் அவரே. நேராகப் பிரதமர் நேருவிடம் பேசும் பதவி. நடுவில் ஃபைலைப் பிடித்துவைக்க யாரும் கிடையாது.

பம்பாய்க்குப் பக்கத்தில் டிராம்பேயில் ஆராய்ச்சி மையம் எழுந்தது. கட்டடம் கட்ட மரத்தை வெட்டுவது பாபாவுக்குப் பிடிக்காது. வேரோடு பெயர்த்து வேறு இடத்தில் நடச் சொல்வார். டாடா நிறுவனத்தின் சுவர்களுக்கு எம்.எஃப்.ஹுசைன் உள்ளிட்டோரின் ஓவியங்களை வாங்கி மாட்டினார். தானும் வரைவார். கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

அணுவை விற்கலாமா?

இப்போ கொஞ்சம் உலக அரசியல். 1953 டிசம்பர் 8-ம் தேதி, ஐ.நா. சபையில் அமெரிக்க அதிபர் ஐசனோவர் ஒரு திட்டத்தை முன்வைத்தார். 'அமைதிக்காக அணு' என்று அதற்குப் பெயர். குண்டு செய்யும் ரகசியமாக இருந்த அணுவை மின்சாரத்துக்கும் மருத்துவத்துக்கும் மற்ற நாடுகளோடு பகிர்ந்துகொள்வோம். அதைப் பார்த்துக்கொள்ள ஒரு சர்வதேச முகமையை உருவாக்குவோம் என்றார்.

கேட்க நல்லாத்தான் இருந்தது. சிக்கல் என்னன்னா, மின்சாரம் எடுக்கும் அணு உலையும் குண்டுக்கான பொருளும் ஒரே குடும்பம். இயற்கை யுரேனியத்தை உலையில் போட்டு எரித்தால் வெப்பம் கிடைக்கும். கூடவே, அந்த யுரேனியத்தின் ஒரு பகுதி புளூட்டோனியமாக மாறும். அதைப் பிரித்தெடுத்தால் அடுத்த உலைக்கு எரிபொருளாகவும் போடலாம், குண்டும் செய்யலாம். விற்றவர் நாட்டை விட்டுப் போன பிறகு, வாங்கியவர் எதைச் செய்கிறார் என்று யாருக்குத் தெரியும்?

1955 ஆகஸ்ட்டில் ஜெனீவாவில், அணுசக்தியின் அமைதிப் பயன்பாடு பற்றி ஐ.நா. நடத்திய முதல் மாநாட்டுக்குத் தலைவராகத் தேர்வானவர், 45 வயது இந்தியரான பாபா. அதுவரை பூட்டிவைத்திருந்த ஆய்வுகளை அமெரிக்காவும் சோவியத் யூனியனும் பிரிட்டனும் மேடையில் திறந்துவைத்தன. தலைமை உரையில், சூரியனில் நடப்பதுபோன்ற அணு இணைவிலிருந்து இருபது வருஷத்துக்குள் மின்சாரம் எடுக்கும் வழி கிடைத்துவிடும் என்று ஆரூடம் சொன்னார் பாபா. எழுபது வருஷம் ஆச்சு, இன்னும் கிடைக்கவில்லை. மேதைகளும் தப்புக்கணக்கு போடுவாங்க!

நண்பர் கொடுத்த உலை

கேம்பிரிட்ஜ் காலத்திலிருந்தே பாபாவுக்குப் பழக்கமானவர் டபிள்யூ.பி.லூயிஸ். அவர் இப்போது கனடாவின் அணு ஆராய்ச்சியை வழிநடத்திக்கொண்டிருந்தார். வளரும் நாடுகளுக்கு உதவும் கொழும்புத் திட்டத்தின்கீழ், தன்னிடம் இருந்த உலையைப் போலவே 40 மெகாவாட் ஆராய்ச்சி உலை ஒன்றை இந்தியாவுக்குத் தர கனடா முன்வந்தது. 1956 ஏப்ரலில் ஒப்பந்தம் கையெழுத்தானது. உலைக்குத் தேவையான கனநீரை அமெரிக்கா விற்றது. அதனால் கனடா, இந்தியா, அமெரிக்கா மூன்றின் ஆங்கில எழுத்துகளையும் சேர்த்து 'சிரஸ்' என்று பெயர்.

நிபந்தனை? அமைதிக்கான வேலைகளுக்கு மட்டும் பயன்படுத்துவோம் என்று இந்தியா வாக்குக் கொடுத்தது. அவ்வளவுதான்! வந்து பார்க்க ஆய்வாளர் கிடையாது, சீல் கிடையாது, கணக்கு கேட்கும் முகமை கிடையாது. காரணம், அப்போது முகமையே பிறக்கவில்லை. இன்னொரு சாமர்த்தியமும் செய்தார் பாபா. உலைக்கான யுரேனியத்தை இந்தியாவிலேயே தயாரித்துப் போடும் உரிமையைக் கேட்டு வாங்கினார். வண்டி கனடாவுடையது, பெட்ரோல் நம்முடையது என்ற கணக்கு.

அதே ஆகஸ்ட்டில், டிராம்பேயில் 'அப்சரா' என்ற சிறிய உலை இயங்க ஆரம்பித்தது. இந்தியாவே கட்டியது; எரிபொருள் மட்டும் பிரிட்டனிலிருந்து வந்தது.

உறைமோர் யாருக்குச் சொந்தம்?

1956 செப்டம்பர் 20. நியூயார்க், ஐ.நா. தலைமையகம். 81 நாடுகள் கூடி, பிறக்கப்போகும் சர்வதேச அணுசக்தி முகமைக்கு விதிகள் எழுத உட்கார்ந்தன. இந்தியாவின் சார்பில் வாதாடியவர் பாபா. இங்கேதான் அவர் வாழ்க்கையின் பெரிய சண்டை நடந்தது.

அந்தச் சண்டையை நம்ம வீட்டு அடுப்படியிலிருந்து புரிஞ்சுக்கலாம். வீட்டில் பால் இருக்கு, உறை ஊற்ற மோர் இல்லை. பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு கரண்டி உறைமோர் வாங்குறீங்க. அக்கா ஒரு கண்டிஷன் போடுறாங்க. இந்தத் தயிரைக் கடையில் விற்கக் கூடாது. நான் அப்பப்போ வந்து சட்டியைப் பார்ப்பேன். சரின்னு சொல்லிட்டீங்க. அடுத்த நாள் உங்க தயிரிலேயே ஒரு கரண்டி எடுத்து, உங்க பாலில் ஊத்துறீங்க. அதற்கடுத்த நாளும் அப்படியே. பத்தாவது நாள் தயிரையும் பார்க்க அக்காவுக்கு உரிமை இருக்கா?

அணு விஷயத்தில் உறைமோர் என்பது வெளிநாட்டிலிருந்து வரும் யுரேனியமோ, உலையோ. அதில் உருவாகும் புளூட்டோனியம்தான் தயிர். அந்தப் புளூட்டோனியத்தை அடுத்த உலையில் போட்டால் இன்னும் புளூட்டோனியம் உருவாகும். இப்படித் தலைமுறை தலைமுறையாகக் கண்காணிப்பு தொடர வேண்டும் என்பது அமெரிக்கா போன்ற நாடுகளின் நிலை. அது மட்டுமில்ல, எவ்வளவு புளூட்டோனியத்தை ஒரு நாடு தன்னிடம் வைத்துக்கொள்ளலாம் என்று முகமையே முடிவு செய்யும்படி வரைவு விதி இருந்தது.

பாபா எழுந்து நின்று எதிர்த்தார். அவரது வாதத்தில் மூன்று விஷயங்கள் இருந்தன.

முதலாவது, சமத்துவம். ஏற்கெனவே குண்டு வைத்திருக்கும் நாடுகளுக்கு முகமையின் உதவி தேவையில்லை. உதவி கேட்காதவர்கள் வீட்டுக்கு ஆய்வாளர் போகப்போவதில்லை. ஆக, மின்சாரத்துக்காக உதவி கேட்கும் ஏழை நாடு மட்டும் கதவைத் திறந்து காட்ட வேண்டும். குண்டு வைத்திருப்பவர் கதவைச் சாத்திக்கொள்ளலாம். உலகம் ரெண்டு சாதியாகப் பிரிந்துவிடும் என்பது அவர் பயம்.

இரண்டாவது, பொருளாதாரம். இந்தியாவில் யுரேனியம் குறைவு, தோரியம் அதிகம். எங்கே இருக்கு தெரியுமா? கேரளக் கடற்கரையிலும், நம்ம கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி மணலிலும்! தோரியத்தை நேரடியாக எரிபொருளாக்க முடியாது. முதலில் யுரேனிய உலைகள், அதில் கிடைக்கும் புளூட்டோனியத்தில் இரண்டாம் கட்ட உலைகள், பிறகுதான் தோரியம். இந்த மூன்று கட்டத் திட்டத்தை 1954-லேயே போட்டுவைத்திருந்தார் பாபா. நடுவில் உள்ள புளூட்டோனியம் என்ற படியை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டால், மாடி ஏறவே முடியாது.

மூன்றாவது, நடைமுறை. ஒரு நாட்டுக்குள் வரும் எந்த உதவியும் இன்னொரு பக்கம் கையை விடுவிக்கும். பயிற்சி பெற்ற விஞ்ஞானியின் மூளைக்கு யார் சீல் வைப்பது?

சோவியத் யூனியனும் புதிதாகச் சுதந்திரம் பெற்ற பல நாடுகளும் கிட்டத்தட்ட இதே பக்கம் நின்றன. பேச்சுவார்த்தை இழுத்தது. கடைசியில் பிரான்ஸும் ஸ்விட்சர்லாந்தும் நடுவழி ஒன்றைக் கொண்டுவந்தன. ஆராய்ச்சிக்கும், ஓடிக்கொண்டிருக்கும் அல்லது கட்டிக்கொண்டிருக்கும் உலைகளுக்கும் தேவையான புளூட்டோனியத்தை நாடுகள் தாங்களே வைத்துக்கொள்ளலாம், ஆனா கண்காணிப்பு தொடரும். தேவைக்கு மேல் மிஞ்சுவதை முகமையிடம் ஒப்படைக்கச் சொல்லலாம். பாபா கேட்டது முழுசாகக் கிடைக்கவில்லை. கண்காணிப்பை அவரால் தடுக்க முடியவில்லை. ஆனா, எவ்வளவு தேவை என்று சொல்லும் உரிமை கொஞ்சமாவது வாங்குபவர் கைக்கு வந்தது.

அக்டோபர் 23-ம் தேதி விதிகள் ஏற்கப்பட்டன. 1957 ஜூலை 29-ல் முகமை அதிகாரபூர்வமாகப் பிறந்தது. தலைமையகம் வியன்னா. அதன் ஆளுநர் குழுவில் தொடக்கத்திலிருந்தே இந்தியாவுக்கு இடம். முகமையோடு சண்டை போட்ட அதே பாபா, அதன் அறிவியல் ஆலோசனைக் குழுவிலும் உட்கார்ந்தார்.

நீ என்னைப் பார்த்தா, நானும் உன்னைப் பார்ப்பேன்

கொள்கை பேசுவது வேற, கடைக்குப் போய் சாமான் வாங்குவது வேற. 1963-ல் பாபாவுக்கு அதுவும் தெரியவந்தது.

மகாராஷ்டிராவின் தாராப்பூரில் இந்தியாவின் முதல் அணுமின் நிலையம். அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கட்டித் தரும் ரெண்டு உலைகள். அவற்றுக்குச் செறிவூட்டிய யுரேனியம் வேணும். அது அன்றைக்கு இந்தியாவால் செய்ய முடியாத பொருள். முப்பது வருஷத்துக்கு எரிபொருள் தர அமெரிக்கா சம்மதித்தது. பதிலுக்குக் கண்காணிப்பு. நியூயார்க்கில் அத்தனை நாள் வாதாடிய பாபா, இந்த ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டார். மின்சாரம் சீக்கிரம் வேணும். அதற்கு இதுதான் விலை.

அதே ஆண்டு டிசம்பரில் கனடாவுடன் ராஜஸ்தான் அணு உலைக்கான ஒப்பந்தம். இங்கே அவர் விடவில்லை. எங்கள் உலையை நீங்கள் வந்து பார்க்கலாம். அதே மாடலில் கனடாவில் கட்டப்படும் டக்ளஸ் பாயின்ட் உலையை நாங்களும் வந்து பார்ப்போம் என்று சமமான ஏற்பாட்டுக்கு கனடா ஒப்புக்கொண்டது. உலையைக் கொடுத்த பணக்கார நாடும் கதவைத் திறந்து காட்டணும்! பாபா காலத்தின் ரொம்ப அழகான பேரம் என்று நான் நினைப்பது இதைத்தான். உண்மையாகவே அவர் சமத்துவம் கேட்டார் என்பதற்கு அது சாட்சி.

கதையின் இன்னொரு பக்கம்

இதுவரை படிச்சுட்டு பாபாவை ஒரு சுயமரியாதைப் போராளியாக மட்டும் நினைச்சீங்கன்னா, கொஞ்சம் பொறுங்க.

சிரஸ் உலை 1960 ஜூலையில் இயங்கத் தொடங்கியது. அதில் எரிந்த யுரேனியத்திலிருந்து புளூட்டோனியத்தைப் பிரித்தெடுக்கும் ஆலை ஒன்றை டிராம்பேயில் கட்டினார் பாபா. 1964-ல் அது தயாரானது. அன்றைக்கு அப்படி ஓர் ஆலை இருந்த நாடுகள் உலகத்தில் ரொம்பக் குறைவு. தோரியத் திட்டத்துக்குத்தான் அது என்பது உண்மை. குண்டுக்கான வழியையும் அதே ஆலைதான் திறந்துவைத்தது என்பதும் உண்மை.

1964 மே மாதம் நேரு இறந்தார். அதே ஆண்டு அக்டோபர் 16-ல் சீனா தன் முதல் அணுகுண்டை வெடித்தது. எட்டே நாளில், அகில இந்திய வானொலியில் பாபா பேசினார். ஆயுதக் குறைப்பு பற்றிய உரைதான். ஆனா அதற்குள், 10 கிலோ டன் வெடிப்புக்கு ஆகும் செலவு வெறும் 17.5 லட்சம் ரூபாய் என்று அமெரிக்கக் கணக்கு ஒன்றையும் எடுத்துச் சொன்னார். கேட்டவர்களுக்குச் செய்தி புரிந்தது. எங்களாலும் முடியும், அதிகம் செலவாகாது. அந்தக் கணக்கில் உலை, ஆலை எதற்கும் ஆன செலவு சேரவில்லை என்பது வேறு விஷயம். காந்தியவாதியான பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி குண்டு வேண்டாம் என்றார். கடைசியில், 'அமைதிக்கான' நிலத்தடி வெடிப்பு பற்றி ஆராய்ச்சி செய்யலாம் என்ற அளவுக்கு இறங்கிவந்தார்.

1956-ல் கண்காணிப்பை எதிர்த்தபோதே பாபா மனதில் குண்டு இருந்ததா? அவர் தாராப்பூருக்குக் கையெழுத்துப் போட்டதையும், புளூட்டோனிய ஆலை கட்டியதையும், வானொலியில் செலவுக் கணக்கு சொன்னதையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு விஷயம் தெளிவு. எந்தக் கதவையும் நிரந்தரமாகச் சாத்திவிட அவர் விரும்பவில்லை.

வியன்னாவுக்குப் போகும் வழியில்

1966 ஜனவரி 11-ல் தாஷ்கன்டில் சாஸ்திரி இறந்தார். ஜனவரி 24-ம் தேதி இந்திரா காந்தி பிரதமராகப் பதவியேற்றார். அதே நாள் காலை, ஏர் இந்தியா 101 விமானம் ஜெனீவாவை நெருங்கிக்கொண்டிருந்தது. உள்ளே பாபா. அவர் போய்க்கொண்டிருந்தது வியன்னாவுக்கு, சர்வதேச அணுசக்தி முகமையின் அறிவியல் ஆலோசனைக் குழுக் கூட்டத்துக்கு. விமானம் மோன் பிளாங்க் சிகரத்தின் அருகே மலையில் மோதியது. 117 பேரும் இறந்தனர். பாபாவுக்கு வயது 56.

இது சதி என்று யூடியூபில் நிறைய வீடியோக்கள் சுத்துது. ஆதாரம் எதுவும் நிரூபிக்கப்படவில்லை. பிரெஞ்சு விசாரணை சொன்னது இதுதான்: விமானத்தின் வழிகாட்டும் கருவி ஒன்று பழுது, ரேடார் கட்டுப்பாட்டாளர் சொன்னதை விமானி தவறாகப் புரிந்துகொண்டு, மலையைத் தாண்டிவிட்டதாக நினைத்து இறங்கத் தொடங்கினார்.

எந்த முகமையோடு பத்து வருஷம் மல்லுக்கட்டினாரோ, அதன் வேலையாகப் போகும் வழியிலேயே அவர் பயணம் முடிந்தது. அடுத்த ஆண்டு டிராம்பே மையத்துக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது. அதுதான் இன்றைய பாபா அணு ஆராய்ச்சி மையம்.

பில் வந்த நாள்

1968-ல் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம் கையெழுத்துக்கு வந்தது. 1967-ம் ஆண்டு பிறப்பதற்கு முன் குண்டு வெடித்த ஐந்து நாடுகள் வைத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் செய்யக் கூடாது, கண்காணிப்புக்கும் உட்பட வேண்டும். பாபா பயந்த அந்த ரெண்டு சாதி உலகம் சட்டமாகவே வந்துவிட்டது. இந்தியா கையெழுத்துப் போடவில்லை.

1974 மே 18. பொக்ரானில் பூமிக்கடியில் இந்தியா வெடித்தது. அதற்கான புளூட்டோனியம் சிரஸ் உலையிலிருந்து வந்தது. ஆமாம், அமைதிக்காக மட்டும் என்று வாக்குக் கொடுத்து வாங்கிய அதே உலை. இது அமைதிக்கான வெடிப்புதான் என்றது இந்தியா. கனடா அதை ஏற்கவில்லை. அணு உதவியை உடனே நிறுத்தியது. ராஜஸ்தானின் இரண்டாவது உலையை நம்ம இன்ஜினீயர்களே முடிக்க வேண்டியதானது. அமெரிக்கா 1978-ல் சட்டத்தை இறுக்கியது. தாராப்பூருக்கு வர வேண்டிய யுரேனியம் நின்றது. பிரான்ஸ் கை கொடுத்ததால் நிலையம் பிழைத்தது.

அதைவிடப் பெரிய அடி இன்னொன்று. வெடிப்புக்கு அடுத்த ஆண்டே ஏழு நாடுகள் லண்டனில் கூடின. வெறும் வாக்கை நம்பி இனி எதையும் விற்கக் கூடாது என்று விதிகள் வகுத்தன. அதுதான் இன்றைய என்.எஸ்.ஜி., அதாவது அணுசக்தி விநியோக நாடுகள் குழு. இந்தியாவைப் பார்த்துப் பிறந்த குழு அது. 1992-ல் இன்னும் கடுமையாக, ஒரு நாட்டின் எல்லா அணு நிலையங்களும் கண்காணிப்புக்குள் வந்தால்தான் புது வியாபாரம் என்றார்கள்.

முப்பது வருஷத்துக்கு மேல் இந்தியா தனியாக நின்றது. கல்பாக்கத்தின் ரெண்டு உலைகளும் அந்தத் தனிமையில் நம்ம ஆட்கள் கட்டியவை. வெளிநாட்டுப் பொருளோடு வந்த நிபந்தனை எதுவும் அவற்றுக்கு இல்லை. கூடங்குளம் வேறு கதை. 1988-ல் சோவியத் யூனியனோடு போட்ட ஒப்பந்தம். கண்காணிப்போடு சேர்ந்தே வந்தது.

2008-ல் நிலைமை மாறியது. அமெரிக்காவுடனான அணுசக்தி ஒப்பந்தத்துக்காக மன்மோகன் சிங் அரசு நாடாளுமன்றத்தில் கவிழும் நிலைவரை போய்த் தப்பியது. செப்டம்பர் 6-ம் தேதி என்.எஸ்.ஜி. இந்தியாவுக்கு மட்டும் விதிவிலக்கு கொடுத்தது. பதிலுக்கு இந்தியா தன் உலைகளை ரெண்டாகப் பிரித்தது. 22-ல் 14 உலைகள் சிவில் பட்டியல். அங்கே முகமை வரலாம். மீதி எட்டு வெளியே. கல்பாக்கத்தின் ரெண்டு உலைகளும் அந்த எட்டில் இருக்கின்றன. அதே ஏற்பாட்டின்படி 2010 டிசம்பரில் சிரஸ் நிரந்தரமாக மூடப்பட்டது.

ரெண்டு நிலையம், ஒரு மனிதர்

சரி, பாபா செய்தது சரியா, தப்பா?

உலகம் பாரபட்சமாக நடக்கும் என்று அவர் 1956-லேயே சொன்னது பலித்தது. அந்த வாதத்தில் அவர் ஜெயித்தார் என்றுதான் சொல்லணும். ஆனா, கண்காணிப்பு இல்லாத ஓர் ஒப்பந்தம் எங்கே போய் முடியும் என்று உலகத்துக்குப் பாடம் எடுத்ததும் அவர் வாங்கிய சிரஸ்தான். இன்னொரு நாடு வாக்குக் கொடுத்து உலை வாங்கி, நாளைக்கு வேறு வேலை செய்தால் நமக்குப் பயம் வருமா, வராதா? வரும். அந்தப் பயம்தான் 1974-ல் கனடாவுக்கும் வந்தது.

கேமராவை எதிர்த்தவரே, கேமரா ஏன் வேணும் என்பதற்கும் காரணமாகிப்போனார். அவரை ஹீரோவாக மட்டும் காட்டும் கதையில் இந்த இடம் விட்டுப்போகும். வில்லனாகக் காட்டும் கதையில், டக்ளஸ் பாயின்ட் விட்டுப்போகும். எல்லாரும் எல்லாருக்கும் கதவைத் திறக்கும் அந்த மாடல் பெரிதாக வளர்ந்திருந்தால், உலகம் வேறு மாதிரி இருந்திருக்கும் என்று எனக்குத் தோணுது.

அடுத்த முறை ஈ.சி.ஆர்-ல போகும்போது கல்பாக்கம் பக்கம் ஒரு நிமிஷம் வண்டியை ஓரங்கட்டுங்க. கூடங்குளத்துக்கு வரக்கூடிய ஆய்வாளர் இங்கே ஏன் வருவதில்லை என்று உங்க ஃப்ரெண்ட் கேட்டால், பக்கத்து வீட்டு அக்காவின் உறைமோரிலிருந்து கதையை ஆரம்பிங்க. அக்கா கேட்டது நியாயமா, இல்லை பத்தாவது நாள் தயிர் நமக்குத்தான் சொந்தமா என்பதை நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க. உலகம் இன்னும் பேசிக்கிட்டேதான் இருக்கு!